நிரைக்குள் மட்டும் கலைத்தல்: கோத்தகிரிச் சரிவில் ஒரு தேயிலைச் சோதனையை முன்வைத்து

ஓர் எண் அணியின் (மேட்ரிக்ஸ்) ஒவ்வொரு நிரையிலும் உள்ள உறுப்புகளை, பக்கத்து நிரையைத் தொடாமல், தனித்தனியாகக் கலைக்க (ரேண்டமாக இடம் மாற்ற) வேண்டும். கேட்டால் ஒரு வரி வேலை போலத் தெரியும். ஆனால் இதைத் தப்பாகச் செய்யும் வழிகளில் பல, பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஓடி முடிந்து, நம்பும்படியான ஒரு எண்ணையும் கையில் கொடுத்துவிடும். அதனால் வேகத்தைப் பற்றிப் பேசுமுன் எது கலைய வேண்டும், எது கலையக் கூடாது என்பதை நிலத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

சோதனைத் தோட்டம்

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் சரிவுத் தேயிலைத் தோட்டம். ஆறு உர அளவுகளை ஒப்பிட வேண்டும். அ என்பது வழக்கமாக இடும் அளவு. ஆ, இ, ஈ, உ, ஊ ஐந்தும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வேறு வேறு விகிதத்தில் கலந்தவை. சரிவின் மேல்முனையில் மண் அரித்துப்போய் மெலிந்து கிடக்கும். கீழே போகப்போக மண் ஆழமாகும், ஆனால் டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால் உறைபனி கொழுந்தைக் கருக்குவதும் அங்கேதான். மேலுக்கும் கீழுக்கும் உள்ள இந்த வித்தியாசம், உரத்தால் வரும் வித்தியாசத்தை எளிதில் விழுங்கிவிடும்.

ஆகவே சரிவை, ஒரே உயரத்தில் குறுக்காக ஓடும் ஐந்து பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு ஆறு பிளாட் வீதம் 30 பிளாட் போடப்படுகிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஆறு உரமும் ஒவ்வொரு முறை வரும். எந்த பிளாட்டுக்கு எது என்பதை அந்தந்தப் பட்டைக்குள் தனியாகக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். பிளாட்டுக்கு 7 × 7 = 49 செடி. ஓரத்து வரிசை முழுவதும் காப்பு. பக்கத்து பிளாட்டின் உரம் மழையில் கசிந்து வரும் என்பதால் அதன் கொழுந்தை எடைக்கு எடுப்பதில்லை. நடுவிலுள்ள 25 செடியின் பச்சைக் கொழுந்து மட்டும் கிராமில் எழுதப்படும். இங்கே வரும் எடைகள் கணக்கு விளங்குவதற்காக அமைத்தவை, எந்தத் தோட்டத்தின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

எடைகளை 5 × 6 அணியாக எழுதினால் நிரை என்பது பட்டை, நிரல் என்பது உரம். உரங்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு பட்டையின் ஆறு எடைகளும் எந்த நிரலில் வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். அப்படி விழுந்திருக்கக்கூடிய அமைப்புகளோடு நிஜமாக வந்த அமைப்பை ஒப்பிடுவதே கலைப்புச் சோதனை. பட்டைக்கு 6! = 720 வழி; ஐந்து பட்டைக்கு 720-இன் ஐந்தாம் படி, அதாவது ஏறத்தாழ 193 லட்சம் கோடி. அத்தனையையும் எண்ண முடியாது என்பதால் 99,999 அமைப்புகளை ரேண்டமாக எடுத்து, நிஜ அமைப்பையும் சேர்த்து 1,00,000 என்று வைத்துக்கொள்கிறோம். கலைக்க வேண்டிய நிரைகள் 4,99,995. நிரைக்கு ஆறே உறுப்பு. கீழே பேசப்போகும் அத்தனை முறைகளையும் தீர்மானிப்பது இந்த வடிவம்தான்: நிரை ஏராளம், நிரல் கொஞ்சம்.

வயலில் பட்டைக்குள் குலுக்கியதால்தான் கணினி நிரலிலும் நிரைக்குள் மட்டும் கலைக்கிறோம். வயல் குலுக்கல் வேறு மாதிரி நடந்திருந்தால் கணினி நிரலும் வேறாகத்தான் இருக்க வேண்டும். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் வயல் சோதனைகளுக்குக் குலுக்கலைக் கட்டாயமாக்கியவர். அவரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-இல் வெளியிட்ட புள்ளியியல் அட்டவணைகளில்தான் பட்டியலைக் கலைக்கும், ஃபிஷர்–யேட்ஸ் என்று பெயர்பெற்ற முறையும் இருக்கிறது. கணினிக்கு ஏற்ற வடிவத்தை 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் எழுதினார். வயலும் கலைப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் தகும்.

கலைப்பதற்கு முன் குறைக்க வேண்டிய வேலை

ஒவ்வொரு கலைப்புக்கும் முழு மாறுபாட்டுப் பகுப்பாய்வை ஓட்டுவது வீண். நிரைக்குள் மட்டும் கலைக்கும்போது பட்டைக் கூட்டுத்தொகை மாறாது, மொத்த வர்க்கக் கூடுதலும் மாறாது. மாறுவது ஆறு நிரல் கூட்டுத்தொகைகள் மட்டுமே. அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் எண் ஏறும்போது எஃப் விகிதமும் (உரங்களுக்கு இடையிலான மாறுபாட்டைப் பிழை மாறுபாட்டோடு ஒப்பிடும் எண்) ஏறும், இறங்கும்போது இறங்கும். எனவே அந்த ஓர் எண்ணை ஒப்பிட்டாலே போதும். இனி அதை அளவை என்போம்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. அளவைக்கு உரங்களின் பெயர் தெரியாது. ஆறு நிரல்களையும் மொத்தமாக இடம் மாற்றினாலும் அதே எண்தான் வரும். அதனால் முதல் பட்டையைக் கலைக்காமல் அப்படியே விட்டு, மற்ற நான்கை மட்டும் கலைத்தாலும் விடையின் பரவல் மாறாது. ஐந்தில் ஒரு பங்கு வேலை மிச்சம். ஆனால் ஊ-வை அ-வோடு மட்டும் ஒப்பிடும் கேள்விக்கு இது செல்லாது, அங்கே ஐந்து பட்டையும் கலைய வேண்டும்.

எடையைக் கிராமில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது முக்கியம். 0.912 கிலோ என்று பின்னமாக வைத்தால், ஒரே எடைகளை வேறு வரிசையில் கூட்டும்போது கடைசி இலக்கத்தில் இம்மியளவு வித்தியாசம் வரும். நிஜ அளவைக்குச் சமமாக வர வேண்டிய கலைப்பு அதைவிடத் துளி குறைவாக வந்து, 'அதே அளவு அல்லது மேல்' என்ற எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடும். முழு எண்ணில் இந்தத் தொல்லை கிடையாது. அதற்குப் பதில் வேறொன்று உண்டு: பருவம் முழுவதற்குமான நிரல் கூட்டுத்தொகை 90,000 கிராம் என்றால் அதன் வர்க்கம் 810 கோடி. 32 பிட் முழு எண் கொள்வது 214 கோடி சொச்சம்தான். விண்டோஸில் நம்பையின் (NumPy, பைத்தான் மொழியில் எண் அணிகளைக் கையாளும் தொகுப்பு) 2.0-க்கு முந்தைய பதிப்புகள் முழு எண்ணை 32 பிட்டாகவே எடுத்துக்கொள்ளும். எண் நிரம்பி வழிந்து எதிர்மறையாகக்கூட மாறும், எச்சரிக்கை வராது. 64 பிட் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும்.

தப்பான கலைப்பு எப்படி முகம் காட்டும்

நம்பையில் ஷஃபிள் என்ற செயற்கூறுக்கு அணியை அப்படியே கொடுத்தால் அது நிரைகளின் வரிசையை மாற்றும், நிரைக்குள் கை வைக்காது. பட்டைகள் மேலும் கீழும் இடம் மாறும்; நிரல் கூட்டுத்தொகைகள் துளியும் நகராது. 99,999 தடவையும் அளவை நிஜ அளவைக்கே சமமாக வந்து, பி மதிப்பு (அளவை நிஜ அளவைக்குக் குறையாமல் வந்த அமைப்புகளின் பங்கு) மிகச் சரியாக 1 என்று நிற்கும். இது நல்ல பிழை, உடனே கண்ணில் படும்.

அடுத்தது மோசமானது. நம்பையின் புதிய ரேண்டம் ஜெனரேட்டரின் ஷஃபிளுக்கு அச்சு (எந்தத் திசையில் கலைப்பது என்பது) 1 என்று சொல்லலாம். சொன்னால் நிரைக்குள் கலையும் என்று பலரும் நினைப்பார்கள். அது செய்வது நிரல்களை முழுசு முழுசாக இடம் மாற்றுவது. ஐந்து பட்டைக்கும் ஒரே வரிசைமாற்றம். அளவையை வைத்துப் பார்த்தால் இங்கும் பி 1 என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் ஊ-வின் கூட்டிலிருந்து அ-வின் கூட்டைக் கழித்து அந்த வித்தியாசத்தைச் சோதிப்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆறு கூட்டுத்தொகைகளில் இரண்டை வரிசையோடு எடுக்க 30 வழிதான். எனவே 99,999 கலைப்பும் அதிகபட்சம் 30 மதிப்புகளுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும். ஊ மிகப் பெரியதாகவும் அ மிகச் சிறியதாகவும் இருந்துவிட்டால் பி ஏறத்தாழ 0.033 என்று விழும். 0.05-க்குக் கீழே என்று அறிக்கை எழுதிவிடுவார்கள், உரம் ஒன்றும் செய்யாவிட்டாலும்கூட. வந்த மதிப்புகளில் வேறுபட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஒரு வரி போதும்.

மூன்றாவது, 30 எடையையும் ஒரே பட்டியலாகக் கலைப்பது. மேல்பட்டையின் 600 கிராமும் ஆழமான மண் உள்ள பட்டையின் 900 கிராமும் ஒரே நிரையில் கலந்துவிடும். கலைப்புகளின் அளவை தாறுமாறாக விரிந்து, உரத்தின் உண்மையான பலன் அந்த இரைச்சலுக்குள் காணாமல் போகும். நம்பையின் பெர்ம்யூட்டட் என்ற செயற்கூறு சரியானதுதான், ஆனால் அச்சைச் சொல்லாமல் விட்டால் இப்படித்தான் மொத்தத்தையும் ஒன்றாக்கிக் கலைக்கும். இயல்பு மதிப்பே அதுதான் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

முறைகள்

எளிய வழி: நிரை நிரையாகச் சுற்றில் போய் ஒவ்வொன்றையும் ஷஃபிளுக்குக் கொடுப்பது. ஒரு பரிமாண நிரை என்பதால் சரியாகவே கலைக்கும். ஆறு உறுப்பைக் கலைக்கும் வேலையைவிட அழைக்கும் செலவு பல மடங்கு. ஐந்து லட்சம் அழைப்பு என்றால் சில விநாடிகள் போகும். ஒரே ஒரு முறை ஓட்டும் சோதனைக்கு அது பெரிய குற்றமும் இல்லை. நிரல் ஒரு லட்சம், நிரை நாற்பது என்ற மாதிரி அகலமான அணிக்கு இந்தச் சுற்றே போதும். அங்கே நாற்பதே அழைப்பு.

2021 ஜனவரியில் வந்த நம்பை 1.20 முதல் பெர்ம்யூட்டட் இருக்கிறது. அச்சு 1 என்று சொன்னால் ஒவ்வொரு நிரையையும் தனித்தனி வரிசைமாற்றத்தில் கலைத்துத் தரும். முதலில் எழுத வேண்டியது இதைத்தான். சுற்று உள்ளே தொகுத்த கணினி நிரலில் ஓடுவதால் அழைப்புச் செலவு குறைந்துவிடும்.

அதற்கு முந்தைய பதிப்புகளிலும், ஒரே கலைப்பை வேறு அணிகளுக்கும் பயன்படுத்த வேண்டியபோதும் சாவி முறை உதவும். அணியின் அதே அளவில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ரேண்டம் எண்களை நிரப்பி, நிரைவாரியாக ஆர்க்சார்ட் (வரிசைப்படுத்தினால் எது எங்கே போகும் என்ற சுட்டெண்களைத் தருவது) செய்தால் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு வரிசைமாற்றம் கிடைக்கும். டேக்-அலாங்-ஆக்சிஸ் என்ற செயற்கூறு அதைக்கொண்டு எடைகளை எடுத்துத் தரும். 30 லட்சம் உறுப்புக்குச் சாவி 24 எம்பி, சுட்டெண் 24 எம்பி, விடை 24 எம்பி. டேக்-அலாங்-ஆக்சிஸை மறந்து சுட்டெண்ணை நேரே அணிக்குள் போட்டால் அது நிரை எண்ணாகப் படிக்கப்பட்டு, பெரிய அணியில் ஆறு மடங்கு நினைவகம் தின்னும் முப்பரிமாணப் பூதம் வரும். சிறியதில் எல்லை மீறிய சுட்டெண் என்று பிழை வரும். நினைவகம் மிச்சம் பிடிக்க 8 பிட் சாவி போடும் ஆசை வேண்டாம்: ஆறு சாவிகளில் ஏதேனும் இரண்டு ஒன்றாவது 100 நிரைக்கு ஐந்தாறில் நடக்கும். நிலைத்த வரிசையாக்கம் அப்போது பழைய வரிசையையே காப்பாற்றும். கலைப்பு மூல அமைப்பின் பக்கம் சாய்ந்துவிடும். 64 பிட் பின்னத்தில் இந்தக் கவலை நடைமுறையில் இல்லை.

நிரல் வழியாக ஃபிஷர்–யேட்ஸ் செய்வது அடுத்தது. சுற்றை நிரை மேல் ஓட்டாமல் நிரல் மேல் ஓட்டுவதுதான் உத்தி. கடைசி நிரலில் நிற்கும்போது எல்லா நிரைகளுக்கும் சேர்த்து 1 முதல் 6 வரை ஒரு ரேண்டம் எண் பட்டியல். ஒவ்வொரு நிரையிலும் ஆறாம் இடத்தை அந்த எண் சொல்லும் இடத்தோடு மாற்று. பிறகு ஐந்தாம் நிரல், 1 முதல் 5 வரை. இப்படி ஐந்தே படி, ஒவ்வொன்றும் ஐந்து லட்சம் நிரையை ஒரே மூச்சில் தொடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு நிரை:

912, 887, 941, 905, 898, 930

ஆறாம் இடத்துக்கு ரேண்டம் எண் 3 வந்தது என்போம். மாற்றினால் 912, 887, 930, 905, 898, 941 என்று வர வேண்டும். பைத்தானில் இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் மாற்றி எழுதும் வழக்கப்படி எழுதினால், வலது பக்கத்தில் சுட்டெண் பட்டியலால் எடுத்த 941 நகலாக வரும். ஆனால் ஆறாம் நிரல் முழுவதும் என்று வெட்டி எடுத்தது நகல் அல்ல, அதே நினைவகத்தைப் பார்க்கும் ஜன்னல். முதலில் ஆறாம் நிரலில் 941 எழுதப்படும். பிறகு மூன்றாம் இடத்துக்கு 'ஆறாம் நிரலில் இருப்பது' எழுதப்படும்; அங்கே இப்போது இருப்பதும் 941. விளைவு 912, 887, 941, 905, 898, 941. 930 போயே போச்சு. நிரைக் கூட்டு 5,473-லிருந்து 5,484 ஆகிவிட்டது. ஆறாம் நிரலை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பைத்தானின் சொந்த ரேண்டம் தொகுப்பிலுள்ள ஷஃபிளுக்கு இரு பரிமாண நம்பை அணியைக் கொடுத்தாலும் இதே காரணத்தால் நிரைகள் இரட்டிக்கும். 'ஷஃபிள் பண்ணினேன், டேட்டா மாறிப்போச்சு' என்று வரும் புலம்பல்களில் பாதி இதுதான்.

இந்த முறையில் ரேண்டம் எண்ணின் எல்லையிலும் கவனம் வேண்டும். ஆறாம் இடத்துக்கு 1 முதல் 5 வரை என்று ஒன்று குறைத்துவிட்டால், எந்த உறுப்பும் தன் பழைய இடத்தில் தங்கவே முடியாது. 720-க்குப் பதில் 120 சுழல் வரிசைமாற்றங்கள் மட்டுமே வரும். எல்லாப் படியிலும் 1 முதல் 6 வரை என்று விட்டாலும் தப்பு, சில வரிசைகள் கூடுதலாக வரும். ரேண்டம் பைட்டை 6-ஆல் வகுத்து மீதியை எடுப்பவர்களுக்கு: 256-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 4. ஆகவே 0 முதல் 3 வரை 43 தடவை, 4-உம் 5-உம் 42 தடவை.

நிரல் ஆறே இருக்கும்போது இவை எதுவும் தேவையில்லை என்பதே எங்கள் தீர்ப்பு. 720 வரிசைமாற்றங்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, நிரைக்கு ஒரு ரேண்டம் எண் மட்டும் எடுத்தால் போதும்:

வரிசைகள் ← 0 முதல் 5 வரையுள்ள எண்களின் 720 வரிசைமாற்றங்கள் (720 × 6)
ஒவ்வொரு பட்டைக்கும்:
    அட்டவணை[பட்டை] ← எடை[பட்டை]-ஐ வரிசைகள்படி அடுக்கியது (720 × 6)
குலுக்கல் ← 0 முதல் 719 வரை ரேண்டம் முழு எண்கள் (99,999 × 5)
கூட்டு ← 99,999 × 6 பூச்சியங்கள், 64 பிட்
ஒவ்வொரு பட்டைக்கும்:
    கூட்டு ← கூட்டு + அட்டவணை[பட்டை]-இல் குலுக்கலின் அந்த நிரல் சொல்லும் நிரைகள்
அளவை ← கூட்டின் வர்க்கங்களை நிரைவாரியாகக் கூட்டியது
பி ← (1 + அளவை நிஜ அளவைக்குக் குறையாத தடவைகள்) ÷ 1,00,000

சாவி முறைக்கு 30 லட்சம் ரேண்டம் எண், ஃபிஷர்–யேட்ஸுக்கு 25 லட்சம், இதற்கு 5 லட்சம். வரிசையாக்கமும் இல்லை, இடமாற்றமும் இல்லை. கலைந்த அணி முழுசாக நினைவகத்தில் எங்கும் இருப்பதில்லை. கூட்டு மட்டும் 4.8 எம்பி. அட்டவணை செயலியின் கேஷ் நினைவகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். முன்பு சொன்னபடி முதல் பட்டையை நிறுத்தி வைத்தால் 4 லட்சம் ரேண்டம் எண்ணே போதும்.

இதன் எல்லை நிரல் எண்ணிக்கை. எட்டு உரம் என்றால் 40,320 வரிசை, பைட் கணக்கில் 3.2 லட்சம், தாராளமாகப் போகும். ஒன்பதுக்கு 3,62,880 வரிசை, 3.3 எம்பி. பத்துக்கு 36 எம்பி ஆகி, கேஷை விட்டு வெளியே போய், ஆதாயம் கரைந்துவிடும். ஒன்பது தாண்டினால் நிரல் வழி ஃபிஷர்–யேட்ஸ் அல்லது பெர்ம்யூட்டட். சி, ஜூலியா போன்றவற்றிலோ நம்பாவிலோ (பைத்தானை இயந்திர மொழிக்குத் தொகுக்கும் கருவி) எழுதுபவர்கள் நிரைக்குள்ளேயே நேரடியாக ஃபிஷர்–யேட்ஸ் ஓட்டினால் போதும். அங்கே அழைப்புச் செலவு இல்லாததால் இந்த வித்தைகளுக்குப் பெரிய வேலையில்லை.

இருபது சுற்றுக் கொழுந்து

எடை ஒரே நாளில் முடிவதில்லை. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கிள்ளி, 20 சுற்றுக்குத் தனித்தனி 5 × 6 அணி வரும். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகக் கலைத்தால் தப்பு. உரம் போட்டது பிளாட்டுக்கு. அந்த பிளாட்டின் 20 எடையும் ஒட்டியே நகர வேண்டும். ஆக, ஒரே குலுக்கலை 20 அணிகளுக்கும் பயன்படுத்த வேண்டும். அட்டவணை முறையில் இது தானாக வருகிறது: பட்டைக்கு 720 × 6 × 20 = 86,400 எண், 64 பிட்டில் 6.9 லட்சம் பைட். ஐந்து பட்டைக்கும் சேர்த்து 3.5 எம்பி. கூட்டு மட்டும் 20 மடங்காகி 96 எம்பி ஆகும். 5,000 கலைப்பு வீதம் துண்டு துண்டாக ஓட்டினால் 4.8 எம்பிக்குள் நிற்கும்.

சுற்றுகளைச் சேர்த்து ஒரே முடிவு வேண்டும் என்றால் அளவைகளை அப்படியே கூட்டக் கூடாது. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துக்கொள்வதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. மழைக்குப் பின் கொழுந்து குவியும் சுற்றுகளின் வர்க்கங்கள் வறண்ட மாதச் சுற்றுகளை அமுக்கிவிடும். அங்கே எஃப் விகிதத்துக்கே போக வேண்டும்: உரத்துக்கு 5, பிழைக்கு 20 என்ற வரையின்மைப் படிகளோடு (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கிட்டு, ஒவ்வொரு கலைப்பிலும் 20-இல் பெரியதை எடுத்து, நிஜத்தின் பெரியதோடு ஒப்பிடலாம்.

வேகத்துக்காக நான்கு செயலாக்கங்களாகப் பிரிப்பவர்கள் ஒவ்வொன்றும் தனி ரேண்டம் ஓட்டத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தாய்ச் செயலாக்கத்தின் நிலையை நான்கும் அப்படியே வாங்கிக்கொண்டால் ஒரே 25,000 கலைப்பு நான்கு முறை எண்ணப்படும். நம்பையின் சீட்-சீக்வென்ஸில் ஸ்பான் என்பது இதற்குத்தான்.

சரிபார்ப்பு

முதல் சோதனை: கலைந்த ஒவ்வொரு நிரையையும் வரிசைப்படுத்தி, மூல நிரையை வரிசைப்படுத்தியதோடு ஒப்பிடு. இரட்டிப்பு, பட்டைக் கலப்பு இரண்டையும் இது பிடிக்கும். ஒரே வரிசைமாற்றத்தை எல்லா நிரைக்கும் போட்டதை இது பிடிக்காது.

அதற்கு 1, 2, 3 என்ற ஒரே நிரையை 60,000 தடவை அடுக்கிக் கலைத்து, ஆறு வரிசைகளும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் 10,000 சுமார். திட்ட விலக்கம் 91 என்பதால் 300-க்கு மேல் விலகினால் சந்தேகப்படலாம். மூன்று இடத்துக்கும் முழு எல்லையில் எண் எடுக்கும் தவறில் மூன்று வரிசைகள் 11,100 பக்கமும் மூன்று 8,900 பக்கமும் நிற்கும், ஏனென்றால் 27 பாதைகளை ஆறுக்குச் சமமாகப் பங்கிட முடியாமல் 5-ம் 4-மாகப் பிரிகின்றன. எல்லையில் ஒன்று குறைத்தவர்களுக்கு இரண்டே வரிசை, ஒவ்வொன்றும் 30,000. ஒரே வரிசைமாற்றம் போட்டிருந்தால் 60,000-மும் ஒன்றிலேயே குவியும். கடைசியாக, அடுத்தடுத்த நிரைகள் ஒரே வரிசையில் வருவது ஆறில் ஒரு பங்கா என்றும் பார்த்துவிடலாம்.

99,999 போதுமா? பி 0.05 பக்கம் இருந்தால் கலைப்பின் எண்ணிக்கையால் வரும் திட்டப்பிழை 0.0007. 999 மட்டும் செய்தால் 0.007, 0.043-க்கும் 0.057-க்கும் இடையே தடுமாறும். பி கணக்கில் 1 கூட்டுவதை விட்டால் பூச்சியம் வரலாம், அப்படி ஒரு பி மதிப்பு கிடையாது.

காட்டுமாடு மிதித்த பிளாட்

ஒரு பிளாட்டைக் காட்டுமாடு மிதித்துவிட்டது, எடை இல்லை. சாவி முறையில் சிலர் வெற்றிடத்துக்கு முடிவிலி என்று சாவி கொடுப்பார்கள். வரிசையாக்கம் எல்லா வெற்றிடத்தையும் கடைசி நிரலுக்குத் தள்ளும். ஊ உரம் மட்டும் ஒவ்வொரு கலைப்பிலும் ஒரு பிளாட் குறைந்து நிற்கும். வெற்றிடத்தை அதன் இடத்திலேயே நிறுத்தி, மற்ற ஐந்தை மட்டும் கலைக்க வேண்டும் என்றால்: எடை உள்ள செல்களை மட்டும் நிரை வரிசையில் ஒரே பட்டியலாக எடு, ஒவ்வொன்றுக்கும் நிரை எண்ணும் ஒரு ரேண்டம் சாவியும் கொடு, நிரை எண்ணை முதன்மையாகவும் சாவியை அடுத்ததாகவும் வைத்து லெக்ஸ்சார்ட் (பல சாவிகளைக் கொண்டு வரிசைப்படுத்தும் நம்பைச் செயற்கூறு) செய்து, வந்த வரிசையில் அதே செல்களில் திருப்பி எழுது. லெக்ஸ்சார்ட்டில் கடைசியாகக் கொடுப்பதுதான் முதன்மைச் சாவி. இது தலைகீழாகப் போனால் பட்டைகள் கலந்துவிடும். அட்டவணை முறையில் அந்தப் பட்டைக்கு மட்டும் 120 வரிசை வைத்துக்கொண்டால் போதும். இரண்டிலும் நிரல் கூட்டுக்குப் பதில், பட்டை விளைவைக் கழித்து முறையாகப் பொருத்திய எஃப் விகிதம் வேண்டும். மேலே சொன்ன அளவைக் குறுக்குவழி முழு அணிக்கு மட்டும்.

இதே யோசனைதான் ஆர் மொழியில் பலர் எழுதும் ஒற்றை வரி: நிரை எண், ரேண்டம் எண் இரண்டையும் வைத்து ஆர்டர், பிறகு நிரைவாரியாக அணியில் நிரப்புதல். நிரைவாரி என்பதை விட்டால் ஆர் நிரல்வாரியாக நிரப்பும். அப்ளை வழியாக ஒவ்வொரு நிரைக்கும் சாம்பிள் செய்பவர்களுக்கு விடை நிரையும் நிரலும் மாறி 6 × 5 ஆக வரும். திருப்பிப் போட வேண்டும். மேட்லேப்பில் இரண்டாம் பரிமாணத்தில் சார்ட் செய்து வந்த சுட்டெண்ணை நேரே அணிக்குள் போட்டால் அணியின் முதல் ஆறு உறுப்புகள்தான் திரும்பத் திரும்ப வரும். நிரை எண்ணைச் சேர்த்து நேரியல் சுட்டெண்ணாக்கிய பிறகே போட வேண்டும்.

வயலுக்குப் போகும் தாள்

சோதனைக்கு முன் போடும் ஒரே ஒரு 5 × 6 குலுக்கலுக்கு வேகம் தேவையே இல்லை. புதிய எக்செலில் சார்ட்பை, ரேண்ட்அரே இரண்டையும் சேர்த்து ஒரு நிரைக்கு எழுதிக் கீழே இழுத்தால் ஐந்து நிரையும் தனித்தனியாகக் கலையும். உடனே மதிப்புகளாக ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தாளில் வேறெந்தச் செல்லைத் தொட்டாலும் அமைப்பு மறுபடி மாறும். குச்சி நட்ட அமைப்பு ஒன்று, கோப்பில் இருப்பது இன்னொன்று என்றாகும். கணினி நிரலில் போடுபவர்கள் சீட் எண்ணை (ரேண்டம் வரிசையின் தொடக்க எண்) மட்டும் குறித்து வைத்தால் போதாது. நம்பையின் ஜெனரேட்டர், பதிப்பு மாறும்போது அதே சீட்டுக்கு அதே எண்களைத் தரும் என்று உறுதி சொல்வதில்லை. 30 பிளாட்டின் அமைப்பையே தனிக் கோப்பாக, நம்பைப் பதிப்பு எண்ணோடு, முதல் உரம் இடுவதற்கு முன்பே சேமித்து, அதிலிருந்தே பிளாட் அட்டைகளை அச்சடிக்க வேண்டும்.